கண்ணை மூடும் கை

கள்ளக்குறிச்சி
11-3-1987

என் அக்கா பெற்ற அருமை மகளும், கனடா தேசத்துக் கண்களுக்கெல்லாம் நாளைய அதிபதியுமான ஜெயசுதாவுக்கு,

மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடைச் சக்கரவர்த்தி ராஜாங்கம் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை பச்சையம்மாளும் நட்ட கல் போல ஆடாமல் அசையாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை அன்புச்செல்வனும் பனியில் உறைந்து சிலையாகிவிடவில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டால் தபால் இலாகா திவாலாகிவிடாது.

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. கோமுகி அணையில் மீன்களெல்லாம் குடை பிடித்துக்கொண்டு நீந்துவதாகக் கேள்வி. மூன்று தாலுகா மோட்டார்களும் எரிந்துபோய் என் காலடியில் சரணடைந்து கிடக்கின்றன.

கடைக்குப் பின்னால் உன் அறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். நாற்காலி, லென்ஸ் பெட்டி, எதிர்ச்சுவர்க் கண்ணாடி எல்லாம் நீ விட்ட இடத்திலேயே. ஆனால் ஜனங்கள் நிற்பதாக இல்லை. சங்கராபுரத்திலிருந்து வருகிறார்கள், மலையிலிருந்து வருகிறார்கள். போன வாரம் வெள்ளிமலையிலிருந்து தங்கமணி என்று ஒருத்தி, அப்பனுக்குக் கண் மங்குகிறது என்று வந்து நின்றாள்.

“கண்ணு டாக்டரம்மா எங்க போச்சுங்க?”

“கனடா ராஜாவுக்குக் கண்ணுல பூச்சி பறக்குதாம். புடிக்கப் போயிருக்குது.”

“அதுக்கு எவ்ளோ நாளு ஆவும்?”

நீயே சொல். மெட்ராஸில் படித்து, இங்கே இத்தனை வருஷம் கண் பார்த்தவளை அவர்கள் எதற்கு மறுபடி பரீட்சை வைத்துப் பார்க்கிறார்கள்?

உன் வரவுக்கும் வரிக்கும் ஏங்கும்,
ராஜாங்கம்


டொரான்டோ
4-4-1987

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

ராஜாவின் பூச்சியை இவருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கடிதம் எழுதாததற்குக் கோபிக்காதீர்கள். எழுத நல்ல செய்தி இல்லாமல்தான் எழுதவில்லை.

உண்மையில் நான் இங்கே ஒரு கண்ணையும் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடி செய்யும் கம்பெனியின் நிலவறையில் லென்ஸ் விளிம்பு தேய்க்கிறேன். நம் ஊர்ப் படிப்பும் வேலையும் இங்கே செல்லாது. உரிமம் கொடுக்கும் சபை எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து நிரூபிக்கச் சொல்கிறது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் இந்த நாட்டில் ஆயுளுக்கும் நான் கண் பார்க்க முடியாது. முதல் வாய்ப்பு போய்விட்டது.

எதனால் தெரியுமா? ஒரு கண்ணைச் சோதிக்கும்போது இன்னொரு கண்ணை மூட வேண்டும். இங்கே அதற்குக் கைப்பிடி வைத்த கறுப்புக் கரண்டி ஒன்று உண்டு. நம் அறையிலும் இருந்ததே. அதைப் பார்த்து மலைக்காரப் பெரியவர் ஒருவர், “இது மூடறதுக்கா, நோண்டறதுக்கா?” என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்றோடு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு என் இடது உள்ளங்கையாலேயே மூட ஆரம்பித்தேன். அவர்களையே மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் கண்ணை அழுத்திக் கலக்கிவிடுவார்கள். என் கை பட்டால் பேசாமல் இருந்தார்கள்.

இங்கே அது பெரிய தவறு. தேர்வுக்கு நோயாளியாக வந்த பெண் என் கை பட்டதும் பின்வாங்கினாள். பரிசோதகர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அத்தனை வருஷப் பழக்கம், மாமா. எனக்கு முன்னால் என் கை போய்விடுகிறது. இப்போது இடது கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துப் பழகுகிறேன்.

பின்னறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுங்கள். சும்மா பூட்டிக் கிடக்க வேண்டாம்.

உங்கள் சுதா


கள்ளக்குறிச்சி
10-6-1987

பனிநாட்டுப் பைங்கிளிக்கு,

மாமன் சொல்வதில் முக்கால்வாசி கழித்துக்கொண்டு படிப்பது உன் வழக்கம். இந்தக் கடிதத்தில் மட்டும் ஒரு வரியும் கழிக்காதே.

நீ சொன்னபடி அறையை வாடகைக்கு விடப் பார்த்தேன். ரிஷிவந்தியத்துக் கமலா தையல் வகுப்பு நடத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள். அழைத்துவந்து கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே போனவள் உன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒரே கத்தல்.

“இன்னாண்ணே வெளையாட்டு இது? கைய எடுங்க!”

நான் வாசலில் நிற்கிறேன், சுதா. ஒரு கையில் சாவிக்கொத்து, ஒரு கையில் விளக்குமாறு. எடுப்பதற்கு மூன்றாவது கைக்கு நான் எங்கே போவேன்?

அவள் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவிட்டாள். இடது கண்ணை யாரோ பொத்தினார்களாம். அழுத்தவில்லையாம், இதமாகத்தான் இருந்ததாம். அதுதான் அவளுக்கு இன்னும் பயம்.

உன் அத்தையைக் கூப்பிட்டேன். அவள் எமனையே தூணில் கட்டிவைத்துவிட்டு வெங்காயம் உரிக்கக்கூடியவள். போய் உட்கார்ந்தாள். பிறகு, “இது சுதா கைங்க” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சின்னதுல காச்சல் வந்தா என் கழுத்தப் புடிச்சிக்கினுதான தூங்கும். எனக்குத் தெரியாதா?”

நானும் உட்கார்ந்தேன். வந்தது. கொஞ்சம் சூடாக, கொஞ்சம் ஈரமாக. வலது கண்ணால் எதிர்ச்சுவர்க் கண்ணாடியைப் பார்த்தேன். நாற்காலியில் நான் மட்டும்தான் இருக்கிறேன். ஆனால் என் இடது கண் இருக்க வேண்டிய இடம் நிழல் விழுந்தாற்போல் கறுத்திருந்தது.

அறை வாடகைக்கு இல்லை. அதில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

ராஜாங்கம்


டொரான்டோ
8-7-1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது சிரிப்பு வரவில்லை.

போன வாரம் இரண்டாவது தேர்வு. எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். வலது கையில் கறுப்புக் கரண்டி, இடது கை பைக்குள். பாதியில் அந்த நோயாளிப் பையன் பேச்சை நிறுத்தினான். பார்த்தால் என் இடது கை அவன் கண்மேல் இருக்கிறது. நான் எடுக்கவில்லை, மாமா. பையிலிருந்து அது எப்போது வெளியே போனது என்று எனக்குத் தெரியாது. அதைவிட, அவன் கன்னத்தின் மேல் என் விரல்கள் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன், ஆனால் தொடுவது தெரியவே இல்லை. வேறொருவர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது வாய்ப்பும் போய்விட்டது. இன்னும் ஒன்றுதான்.

தயவுசெய்து, நீங்கள் எழுதியது வழக்கமான கேலிதான் என்று ஒரு வரி எழுதுங்கள்.

சுதா


கள்ளக்குறிச்சி
4-10-1987

சுதாக் கண்ணுக்கு,

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இத்தனை வருஷம் புளுகியவனுக்கு அந்த ஒரு புளுகு வரவில்லை.

இரண்டு மாசம் தள்ளிப்போட்டது நான்தான், அதற்கு மேல் ஆன தாமதத்துக்குக் காரணம் நான் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்கள் எல்லாம் ரோட்டின் குறுக்கே படுத்துவிட்டன. சேலம் பஸ் இல்லை, விழுப்புரம் பஸ் இல்லை. காக்காய்கூட நடந்துதான் போயிற்று. விளையாட்டு இதோடு நிற்கட்டும். பல வீடுகளில் ஆள் போய்விட்டது. அதைப் பற்றி உன் மாமன் வாய்ஜாலம் காட்டமாட்டான்.

சாமை விற்க வந்த தங்கமணியும் அவள் அப்பாவும் மலைக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். நம் கடையிலேயே தங்கச் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால், பெரியவர் கதவைத் தள்ளிக்கொண்டு போய் உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் பதறிப்போய் ஓடினால், என்னையே அதட்டுகிறார்.

“டாக்டரம்மா கண்ணப் பொத்திக்கினு நிக்குது. நீ இன்னா வேடிக்கை பாக்குற? லென்ஸ எடு!”

எடுத்தேன். காயில் கட்டும் கையால் லென்ஸ் மாட்டினேன். நீ செய்வதை எத்தனை நாள் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் அட்டையின் E, அந்த மூன்று பல் சீப்பு எழுத்து, எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவர் விரலால் காட்டக் காட்ட நான் மாற்றிக்கொண்டே வந்தேன். ஒரு கண் முடிந்ததும், யாரும் சொல்லாமலே, நிழல் இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண்ணுக்கு மாறியது. ரோடு திறந்ததும் சேலத்தில் கண்ணாடி செய்து கொடுத்தேன். போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, எதிர்க்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்த ஈயைக் காட்டினார் மனுஷர்.

அவ்வளவுதான். மலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இப்போது சாயங்காலம் ஆனால் நம் கடை வாசலில் வரிசை. கமலா பயந்து ஓடினாளே, இவர்களில் ஒருத்தருக்கும் பயம் இல்லை. “டாக்டரம்மா முன்ன மாரி பேச மாட்டேங்குது. அங்க வேலை ஜாஸ்தி போல” என்று உனக்காகப் பரிதாபப்படுகிறார்கள்.

கை இங்கே வந்து வேலை செய்கிறது. நீ மட்டும் அங்கே என்னம்மா செய்கிறாய்? வந்துவிடு.

மாமா


டொரான்டோ
12-11-1987

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் நம்புகிறேன். வரிசை போடுகிறார்கள் என்று நீங்கள் எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். காலையில் வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது உங்களுக்கு அங்கே சாயங்காலம். கை மடியில் மரத்துக் கிடக்கும். அந்தக் கைக்குள் யாரோ இமை கொட்டுவார்கள். உள்ளங்கையில் இமைமுடி படபடவென்று அடிக்கும். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு இமை. சிலது நரைத்த இமை. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிகிறது. டாக்டரிடம் காட்டினேன். நரம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்.

வந்துவிடு என்கிறீர்கள். எதை வைத்துக்கொண்டு வருவேன்? இந்தத் தேர்வுக்காக இவர் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். குழந்தை வேண்டாம், உரிமம் வரட்டும் என்று தள்ளிப்போட்டோம். தேர்வுக் கட்டணத்துக்கு என் வளையல்களை விற்றதை அத்தையிடம் சொல்லாதீர்கள். இவ்வளவையும் போட்டுவிட்டு, தோற்றுப்போனவளாக உங்கள் முன்னால் வந்து நிற்க என்னால் முடியாது. நிலவறையில் விளிம்பு தேய்த்துக்கொண்டே கிழவியாகவும் முடியாது.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி கடைசித் தேர்வு. எனக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது, மாமா. அங்கே நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால் இங்கே என் கை எழுகிறது. போன தடவை அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் மட்டும் அந்த நாற்காலியில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

சுதா


கள்ளக்குறிச்சி
5-1-1988

சுதாவுக்கு,

போன தடவை உட்கார்ந்தது நான்தான். ஜூலையில் ஒரு நாள் விடாமல் சாயங்காலம் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன். உன் கை கண்ணில் இருந்தால் கடைக்கணக்கெல்லாம் மறந்துபோகிறது. உன் பரீட்சைத் தேதி எனக்குத் தெரியாதே, கண்ணு.

இந்தத் தடவை எறும்பைக்கூட உள்ளே விடமாட்டேன். மலை ஜனங்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். “புள்ள பரீட்சை எழுதட்டும், நாங்க அப்பால வர்றோம்” என்கிறார்கள்.

ஒரே ஒரு சங்கடம். வரிசை இல்லாத நாளில் உன் கை சும்மா இருப்பதில்லை. பூட்டிய அறைக்குள் லென்ஸ் பெட்டி திறக்கும் சத்தம் கேட்கிறது. நாற்காலி முதுகைத் தடவுகிறது. கதவு வரைக்கும் வந்து துழாவுகிறது. அதற்கு ஒரு கண் வேண்டும். இங்கே கிடைக்காவிட்டால் அங்கே வந்து தேடுமோ என்றுதான் யோசிக்கிறேன்.

நீ படிக்கிற வழியைப் பார். கையை மாமன் பார்த்துக்கொள்வான்.

ராஜாங்கம்


டொரான்டோ
24-2-1988

என் மாமாவுக்கு,

தேறிவிட்டேன்! தேறிவிட்டேன்! தேறிவிட்டேன்!

கறுப்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வலது கையாலேயே எல்லாம் செய்தேன். இடது கை பைக்குள் கல் மாதிரிக் கிடந்தது. நடுவில் ஒரு முறை மட்டும் தோளிலிருந்து ஓர் இழுப்பு இழுத்தது. பிறகு யாரோ அமுக்கிவிட்டதுபோல் அடங்கிவிட்டது. பரிசோதகர் எழுந்து வந்து கைகுலுக்கினார். மார்ச்சிலிருந்து ஒரு மூத்த டாக்டரிடம் வேலை.

இவர் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தூங்கினார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றிலிருந்து இடது கையில் எந்த உணர்ச்சியும் இல்லை. பஸ்ஸில் போகும்போது ஓர் இமைகூடத் துடிப்பதில்லை. வெந்நீரில் வைத்தாலும் தெரியவில்லை, சிவந்த பிறகுதான் பார்க்கிறேன். அன்று சாயங்காலம் நீங்கள் என்ன செய்தீர்கள்?

சுதா


கள்ளக்குறிச்சி
20-3-1988

வெற்றி கொண்ட வீராங்கனைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அத்தை தெருவுக்கே கேசரி கிண்டினாள். நான் பொய் சொல்லவில்லை. தெரு என்றால் எதிர்வீடும் பக்கத்து வீடும்.

அன்று பூட்டைப் போட்டுப் பார்த்தேன். கதவு உள்ளேயிருந்து அதிர்ந்தது. இது பூட்டுக்கு அடங்காது, எங்காவது கிளம்பிவிடும் என்று தோன்றியது. ஆகவே நானே உள்ளே போய் உட்கார்ந்தேன். அது வந்து என் இடது கண்ணைப் பொத்தியது. பொத்தியதும் என் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் சும்மா இருந்தது. அப்புறம் இழுக்க ஆரம்பித்தது பார், கட்டுத்தறியிலிருந்து கன்று இழுக்குமே, அப்படி. நாற்காலியோடு நான் நகர்ந்தேன். பச்சையம்மாள் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “வுட்டுடாதீங்க, புள்ளைக்குப் பரிட்சை! வுட்டுடாதீங்க!” என்று அழுதாள். யாரையோ கழுத்தைப் பிடித்து அமுக்குவதுபோல் இருந்தது எனக்கு. உன் கை, சுதா. நான் தூக்கி வளர்த்த பிள்ளையின் கை. அமுக்கினேன்.

கடைசியில் இழுப்பதை நிறுத்தியது. நான் என் கைகளை எடுத்துக்கொண்டேன். அது எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்தேன், கூடவே எழுந்தது. வீட்டுக்கு வந்தேன், வந்தது. இப்போது இதை எழுதும்போதும் என் இடது கண்மேல்தான் இருக்கிறது. சைக்கிள் விடுவதில்லை, காயில் கட்டுவதில்லை. ஒற்றைக் கண்ணில் கம்பி எது, நிழல் எது என்று தெரியவில்லை.

பின்னறை வெறும் அறையாகிவிட்டது. மலை ஜனங்கள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அம்மா இல்லீங்களே” என்று இறங்கிப் போகிறார்கள். சின்னசேலத்தில் புதிதாக வந்திருக்கும் கண் டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்புகிறேன்.

நான் விட்டுவிட்டேன். அதுதான் போகமாட்டேன் என்கிறது. நீ ஒரு நடை வந்து அழைத்துக்கொண்டு போ.

மாமா


டொரான்டோ
17-4-1988

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வர முடியாது.

உரிமம் கிடைத்த முதல் வருஷம் விடுப்பு இல்லாமல் வேலை பார்க்க வேண்டும் என்பது சபையின் விதி. நடுவில் நாட்டைவிட்டுப் போனால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அந்த மூன்று வாய்ப்பும் எனக்கு இனிக் கிடையாது. உங்கள் கடிதத்தோடு நான்கு நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்க ஆசை. அதுகூட முடியாது.

இடது கை இல்லாமலே வேலை செய்யப் பழகிவிட்டேன். நோயாளிகளுக்குத் தெரிவதில்லை. நான் யாரையும் தொடாததை மூத்த டாக்டர் பாராட்டுகிறார்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வயதில் ஒரு கண் மூடியே இருப்பதால் பார்வை கெட்டுவிடாது. படி இறங்கும்போது மட்டும் கவனம் தேவை. ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கவும். சின்னசேலத்தில் புதிதாக ஒரு கண் டாக்டர் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒரு முறை காட்டிவிடுங்கள்.

அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மாமா. என்னிடம் திரும்பி வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெயசுதா அன்புச்செல்வன்
பதிவு பெற்ற கண் பரிசோதகர்


கள்ளக்குறிச்சி
9-5-1988

பதிவு பெற்ற என் அக்கா மகளுக்கு,

உன் உத்தரவுப்படி சின்னசேலம் போனேன். பஸ்ஸில் இடது பக்கம் வந்த ஊரெல்லாம் எனக்கு இல்லை. வலது பக்கம் வந்தவை மட்டும்தான். பாதிக் கட்டணம்தான் கொடுப்பேன் என்று கண்டக்டரிடம் வாதாடிப் பார்த்தேன். அவன் மசியவில்லை.

டாக்டர் சின்ன வயசு. சுத்தமான மேசை, சுத்தமான கோட்டு. வலது கண்ணைப் பார்த்தார். உம் கொட்டினார். பிறகு இடது கண்ணுக்கு டார்ச் அடித்தார்.

“கண்ணத் தொறங்க பெரியவரே.”

“தொறந்துதாங்க இருக்குது.”

டார்ச்சைத் தட்டிப் பார்த்தார். இன்னும் கிட்டே கொண்டுவந்தார். வெளிச்சம் வழியிலேயே எங்கோ நின்றுவிடுகிறது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இமையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று விரலை நீட்டினார்.

பாதியில் விரல் நின்றுவிட்டது. மெல்லத் தடவினார். ஒரு விரல், அதற்குப் பக்கத்தில் இன்னொரு விரல், அப்புறம் மோதிரம் போட்ட இடத்துப் பள்ளம். அவர் முகம் பழைய சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, நாற்காலியோடு சுவர் வரைக்கும் பின்னால் போய்விட்டார்.

“யாருங்க இது?” என்றார்.

“எங்க அக்கா பொண்ணுங்க. கனடாவுல வேலையா இருக்குது” என்றேன்.

ராஜாங்கம்